சத்தம் செய்த வேலை

தொழிற்சாலையில் அவளை ஸ்டெத் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான திருப்புளியின் நுனியை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி, டாக்டர் மாதிரி உள்ளே கேட்பாள். வயது முப்பத்தெட்டு. மின்விசிறிக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றும் கடையில் தொடங்கி, இப்போது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பராமரிப்பு ஃபிட்டர். யார் வீட்டுக்குப் போனாலும், அதிரும் ஃபிரிட்ஜின் காலடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகிவிட்டுத்தான் உட்காருவாள்.

"எங்களப் பாக்க வந்தியா, ஃபிரிட்ஜப் பாக்க வந்தியா?" என்பான் அண்ணன்.

"ஃபிரிட்ஜாவது கூப்பிட்டுச்சு."

அண்ணியும் அதே தொழிற்சாலைதான். மூன்றாம் எண் வெட்டு இயந்திரம் ஆறு வருடமாக அவள் கையில். அட்டையைத் தள்ளிக்கொடுக்கும் செர்வோ மோட்டார், அடுத்த அட்டைக்காகக் காத்து நிற்கும்போதும் புட்டியில் அடைத்த வண்டு மாதிரி ரீங்கரிக்கும்.

"வீட்டுக்குப் போயும் காதுக்குள்ளயே நிக்குதுடி. உங்கண்ணன் பேசறது ஒண்ணுமே கேக்கல."

"அப்ப எதுக்கு அண்ணி சரி பண்ணணும்?"

கிண்டலடித்தாலும் ஒரு புதன்கிழமை போய்ப் பார்த்தாள். மின்சாரத்தை நிறுத்தி, தண்டைக் கையால் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு சுழன்றது, பேரிங் நன்றாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றி ஓடவிட்டாள். அப்போதும் ரீங்காரம். கோளாறு இரும்பில் இல்லை. சொன்ன இடத்தில் நிற்கவேண்டிய மோட்டார், மயிரிழை தாண்டிப் போய்த் திரும்பி, மறுபடி தாண்டி, நொடிக்கு நூறு தடவை தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. அந்த அவசரத்துக்கு ஒரு எண் உண்டு, கெயின் என்று. மடிக்கணினியைச் செருகி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு அட்டையை வெட்டி அளந்தாள். அளவு பிசகாமலே சத்தம் நின்றது.

அப்போதுதான் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியோரத்தைப் பார்த்தாள். மூடியைத் திறந்தால் மோட்டாரை நிறுத்தவேண்டிய சுவிட்ச், கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மூடி திறந்திருப்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

"தொறந்து மூடினா மறுபடி கெளம்ப நாப்பது செகண்டு ஆகுதுடி. ஒரு நாளைக்கு நூறு தடவ உள்ள துண்டு சிக்குது. நான் என்ன செய்யட்டும்?"

வந்தது சத்தத்துக்காக. கம்பியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை அண்ணியின் நடுவிரல் நசுங்கியது. நகம் போய்விட்டது, நான்கு தையல். முதலுதவி அறையில் கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்தற பட்டன அழுத்தலையா அண்ணி?"

"அழுத்தினதா நெனச்சேன். எப்பவும் ரீங்காரம் நின்னாத்தான் உள்ள கைய விடுவேன். ஆறு வருஷமா அதுதான் பழக்கம். இப்பதான் சத்தமே இல்லையே, நின்னுடுச்சுன்னு விட்டுட்டேன். அது உயிரோட நின்னுட்டிருந்திருக்கு."

ஸ்டெத்துக்கு அப்போதுதான் புரிந்தது. சுவிட்ச் செய்யவேண்டிய வேலையை இத்தனை நாளும் சத்தம் செய்துகொண்டிருந்தது. அதைத்தான் அவள் எடுத்துவிட்டாள்.

"சுவிட்சக் கட்டினது நான்னு தெரிஞ்சா வேல போயிடும்டி" என்றாள் அண்ணி, கதவைப் பார்த்துக்கொண்டே. பாதுகாப்பு சுவிட்சைக் கட்டுபவருக்கு வேலை இல்லை என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது.

விபத்துப் படிவத்தை ஸ்டெத்தான் எழுதினாள். மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுவிட்ச் கட்டியிருந்ததப் பாத்தும் பிரிக்கல, அந்தச் சத்தத்த யார் எதுக்கு நம்பறாங்கன்னு கேக்காம எடுத்துட்டேன்னு எழுதியிருக்க. கட்டினது யாரு?"

"எல்லாத்துலயும் கட்டியிருக்கு சார். வாங்க, காட்டறேன்."

நடந்தார்கள். பதினோரு இயந்திரங்களில் ஒன்பதில் கம்பி இருந்தது. ஏழாவதுக்குப் பிறகு மேலாளர் விரல்விட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

"ஒம்பது பேர வீட்டுக்கு அனுப்பினா பெட்டிய நீயா வெட்டுவ?"

"நாப்பது செகண்டு நிக்கணும்னா புதுசா வர்ற ஒம்பது பேரும் கட்டத்தான் செய்வாங்க சார். அத நான் கொறைக்கறேன்."

அவளுக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வெட்டுக்குறடோடு போய் ஒன்பது கம்பிகளையும் நறுக்கினாள். நின்றுவிட்டுக் கிளம்பும்போது, அட்டையைத் தள்ளும் இரும்புக்கை ஆரம்ப இடத்தைத் தேடி ஆமையாக ஊர்ந்ததில்தான் நேரம் போயிருந்தது. எங்கே நின்றோம் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்ற நான்கு நாள் ஆனது.

இரண்டு வாரம் கழித்து அண்ணி வேலைக்கு வந்தாள். துண்டு சிக்கியது. மூடியைத் திறந்து எடுத்தாள், மூடினாள். ஸ்டெத் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொரு செகண்டு."

"இன்னும் கொறைக்க முடியாதா?"

"சும்மா நிக்கறதுக்கும் சம்பளம் தர்றாங்க அண்ணி. நில்லுங்க."

அடுத்த துண்டை எடுத்து மூடிய பிறகு அண்ணி கட்டுப்போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது நொடியில் ஒருமுறை பெருமூச்சு விட்டாள்.