ஹெல்மெட்டில் தட்டுவது

1997 அக்டோபர் மாத நாள்காட்டித் தாளை மட்டும் நான் தூக்கி எறியவில்லை. இர்விங்கில் நாங்கள் அரிசி, பருப்பு வாங்கும் கடை இலவசமாகத் தரும் நாள்காட்டி அது. ராகுகாலமும் எமகண்டமும் சென்னைச் சூரியனுக்குக் கணித்தவை. டெக்சாஸில் எதற்கும் உதவாது. கட்டங்கள் பெரிதாக இருப்பதால் எழுத வசதி. எதையும் தேதியோடு குறித்து வைப்பது என் வழக்கம். என் கணவர் அதை வியாதி என்பார். அந்தத் தாளின் கடைசிச் சனிக்கிழமையில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "தோல்வி. அந்த இடைவேளையில் கையைத் தூக்கினானே, எதற்கு? கேட்க வேண்டும்."

எங்கள் மகன் அப்போது மேற்கு டெக்சாஸில் ஒரு சிறிய கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தான். நாங்கள் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஐசலின் பக்கம் குடியிருந்தபோது பிறந்தவன். பள்ளி நாளிலேயே கதவளவு வளர்ந்து, கதவளவு அகலமும் ஆனான். பொங்கல் விழாக்களில் ஆன்ட்டிகள் என்னை ஓரங்கட்டிக் கேட்பார்கள்: "ஃபுட்பாலா? அய்யோ, மண்டையில அடிபட்டா? மெடிக்கல் ஸ்கூலுக்கு எப்போ அப்ளை பண்றான்?" அவன் அப்ளை பண்ணப் போவதில்லை என்று சொல்லும் தெம்பு எனக்கு இருந்ததில்லை. சிரித்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றுகொள்வேன்.

ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அவன் ஆடியது தடுப்பு அணியின் முன்வரிசையில். இந்த ஆட்டத்தில் தாக்க ஒரு கூட்டம், தடுக்க வேறொரு கூட்டம். தடுப்பவர்களில் முன்வரிசையில் நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள் ஒவ்வொரு முறையும் எதிரே நிற்கும் மலையை மோதித் தள்ள வேண்டும். சில நொடி வேலைதான், ஆனால் நாலைந்து தடவைக்கு மேல் மூச்சு தாங்காது. அதனால் அவர்களில் இரண்டு குழு வைத்திருப்பார்கள். முதல் குழு ஆடிக் களைத்தால் இரண்டாவது உள்ளே போகும். இவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். யாரையும் எத்தனை முறையும் மாற்றலாம். அந்த ஆண்டுதான் மகன் முதல் குழுவுக்கு வந்திருந்தான். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம்.

ஆகஸ்டில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியபோது கோச் இதை விளக்கினார். நெருக்கமான ஆட்டங்களில் நல்லவர்களையே கடைசிவரை நிறுத்தி வைக்கும் கோச்சுகள் உண்டு. தான் அப்படி இல்லை என்றார். கடைசி நிமிடங்களுக்குத்தான் புதுக் கால்கள் வேண்டும். மூச்சு முட்டினால் பையன் ஹெல்மெட்டின் உச்சியில் கையால் தட்ட வேண்டும். உடனே பதிலாள் ஓடுவான். தட்டாதவனுக்குத் தெம்பு இருக்கிறது என்றுதான் நான் நம்புவேன், அந்த நம்பிக்கையைக் கெடுப்பவனுக்கு முன்வரிசையில் இடமில்லை என்று முடித்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நான் மருத்துவமனை ரத்த வங்கியில் வேலை பார்த்தவள். களைத்த கண் லேபிளைத் தப்பாகப் படிக்கும் என்பதால் ஷிஃப்ட் முடிந்தால் எங்களை எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் கணவருக்கு அது ஏறவில்லை. அவர் திருச்சியில் கல்லூரி அணிக்கு வேகப்பந்து போட்டவர். இர்விங்கிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பூங்காவில் போட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட்டில் ஒருவன் மைதானத்தை விட்டு வெளியேறினால் இரண்டே காரணம்: அடிபட்டிருக்கிறான், அல்லது அவுட். பந்து போடுகிறவன் தானே போய் கேப்டனிடம் 'என்னை எடுத்துவிடு' என்று கேட்டால் அந்த ஊரில் அவன் தலை நிமிர முடியாது.

செப்டம்பரில் கல்லூரியின் சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் மகன் ஹெல்மெட்டில் தட்டிவிட்டு வெளியே வந்ததும் இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னாச்சு அவனுக்கு? கால்ல அடியா?"

பக்கத்தில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்த பெண்மணி, மகனுக்குப் பதிலாக உள்ளே போன பையனின் அம்மா. பண்ணைக் குடும்பம். ஒன்றுமில்லை, உங்கள் பையன் மூச்சு வாங்கிக்கொள்கிறான், என் பையனுக்கும் கொஞ்சம் ஆட்டம் வேண்டாமா என்று சிரித்தார். இவர் உட்கார்ந்தார், ஆனால் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வாராந்தர ஃபோனில் நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"ஏண்டா, நீயா கை தூக்கி வெளிய வர்ற?"

மறுமுனையில் அவன் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்பா, எவ்ரிபடி டஸ் இட். இட்ஸ் தி சிஸ்டம்."

"சிஸ்டமாவது மண்ணாவது. நான் லஞ்ச் வரைக்கும் ஒரே எண்ட்லேருந்து போட்டிருக்கேன். ஒரு தடவை, ஒரே தடவை, போதும்னு சொல்லியிருப்பேனா? மேட்ச் டைட்டா இருக்கறப்போ வெளிய போயி தண்ணி குடிக்கறவனை எவன் நம்புவான்?"

"கோச் வில் பி மேட் இஃப் ஐ டோன்ட்."

"கோச் உனக்கு அப்பாவா?"

 நான் ரிசீவரை வாங்கி, குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். அதற்குப் பிறகு அவன் தட்டுவது குறைந்தது. அதுவரை எந்த ஆட்டமும் நெருக்கமாக இல்லாததால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

அக்டோபரின் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின மாலை எனக்கு ரத்த வங்கியில் முழு ஷிஃப்ட். காலையில் எழுந்து புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்தேன். மூன்று மணி நேரப் பயணம். கார் ஓட்டுவது எப்போதும் இவர்தான், போகவும் வரவும். நான் கேட்டால், "நீ பாதி தூக்கத்துல இருக்கே, பேசாம வா" என்பார். அவரும் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார்.

வெயில் ஆறாத பிற்பகல். கடைசிக் கால்பகுதியில் எங்கள் பக்கம் நான்கு பாயின்ட் முன்னிலை. எதிரணி கையில் பந்து, மைதானம் முழுவதையும் கடக்க வேண்டும், நேரம் கொஞ்சமே பாக்கி. அவர்கள் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கேட்டார்கள். எங்கள் கோச்சிடம் அப்படி நிறுத்தும் உரிமைகள் முன்பே தீர்ந்திருந்தன. அந்த இடைவேளையில் அவர் கோட்டோரம் நின்று முன்வரிசைப் பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இருவர் ஹெல்மெட்டில் தட்டினார்கள். இருவர் உள்ளே ஓடினார்கள். பண்ணைக்காரப் பெண்மணியின் மகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோட்டில் தயாராக நின்றான்.

எங்கள் மகன் இடுப்பில் கை வைத்துக் குனிந்திருந்தான். பிறகு நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பினான். நாங்கள் எப்போதும் எங்கே உட்காருவோம் என்று அவனுக்குத் தெரியும். வலது கை மேலே வந்தது. ஹெல்மெட் உயரத்துக்கு வந்து, தாடையில் மாட்டியிருக்கும் பட்டையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"நில்லுடா!" என்றார் இவர். அவனுக்குக் கேட்டிருக்காது.

ஆட்டம் தொடங்கியதும் எதிரணி, ஒவ்வொரு மோதலுக்கும் இடையில் வழக்கமாகச் செய்வதுபோலக் கூடிப் பேசவே இல்லை. ஒன்று முடிந்ததும் ஓடிவந்து நின்று அடுத்ததை ஆடினார்கள். அப்படி ஆடினால் தடுப்பவர்களுக்கு ஆள் மாற்ற நேரம் கிடைக்காது. அதற்காகவே அப்படி ஆடுவார்கள். யார் களைத்திருக்கிறான் என்பதை அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் மகன் நிற்கும் இடத்தையே குறிவைத்து ஓடினார்கள். இரண்டாவது முறை அவன் ஒரு முழங்காலில் விழுந்து எழுந்தான். அடுத்ததில் அவன் எழுவதற்குள் பந்து வேறெங்கோ போயிருந்தது. கடைசியில் ஒருவன் எங்கள் மகனுக்கும் பக்கத்துப் பையனுக்கும் நடுவே, திறந்த வாசலில் நுழைவதுபோல நுழைந்து, எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான்; அதற்குக் கிடைத்த ஆறு பாயின்ட்டில் தோற்றோம்.

கூட்டம் கலைந்தது. பண்ணைக்காரப் பெண்மணி மெத்தையை மடித்துக்கொண்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். 

உடை மாற்றும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். மகன் குளித்து, ஈரத் தலையோடு வந்து காரின் பின்பக்கத்தில் சாய்ந்து நின்றான். டப்பாவைக் கொடுத்தேன். திறக்காமல் வைத்திருந்தான்.

"விடுடா," என்றார் இவர். "கடைசி வரைக்கும் நின்னே இல்ல. அது போதும்."

"தட்ஸ் தி ப்ராப்ளம், அப்பா. ஐ வாஸ் ஸ்டில் இன் தேர்."

இவர் சட்டைப் பையில் கார்ச் சாவியைத் தேடினார்.

"ஐ ஹேட் நத்திங் லெஃப்ட்," என்று என்னைப் பார்த்துச் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

திரும்பும் வழியில் சூரியன் பின்கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.  பாதி வழி வருவதற்கு முன்பே இவர் ஒரு கேஸ் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தினார். பெட்ரோல் போடவில்லை. இறங்கி, சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார்.

"நீ கொஞ்சம் ஓட்டேன்."

அவருடைய கால் நீளத்துக்குத் தள்ளியிருந்த இருக்கையை முன்னால் இழுத்தேன். எனக்கும் கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஃப்ரீவேயில் ஏறியபோது அவர் தூங்கியிருந்தார், அல்லது கண்ணை மூடியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மகன் ஃபோன் செய்தான். கோச் திட்டவில்லையாம். சுவரில் புது வரிசையை ஒட்டியிருந்தாராம்; முதல் குழுவில் பண்ணைக்காரப் பையனின் பெயர், இரண்டாவதில் இவன் பெயர். இவர் ரிசீவரைக் கேட்கவில்லை. படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளின் பக்கத்தையும் திருப்பவில்லை.

முதல் குழுவில் அவனுக்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் இரண்டாவதிலேயே ஆடி முடித்தான். நாங்கள் கல்லூரி மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தோம். போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது நான். தோற்றதற்கு அடுத்த மாதம், நவம்பரில், ஒரு நெருக்கமான ஆட்டத்தின் நடுவில் மகன் ஹெல்மெட்டின் உச்சியில், எல்லோருக்கும் தெரியும்படி, இரண்டு முறை தட்டிவிட்டு வெளியே நடந்தான். நான் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தேன். இவர் பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இதை எழுதுவது 2001-இல். மகன் மேற்குக் கரையில், பே ஏரியாவில் வேலை பார்க்கிறான். முழங்கால் மழைக்கு முன் வலிக்கிறதாம். அக்டோபர் கட்டத்தில் எழுதிய கேள்வியை அவனிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. தட்டத்தான் கை தூக்கினான், எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டையைச் சரிசெய்தான், அவ்வளவுதான் என்கிறார் இவர். அந்த ஆட்டத்தின் வீடியோ கேசட் பிரதி மகனிடம் இருந்தது. வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் நின்றிருக்கும் நேரங்களில் கேமராவை அணைத்துவிடுவார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தில் அந்த இடைவேளையே இல்லை. கை எதற்காக மேலே போனது என்பது சரிபார்க்கப்படவில்லை.