அந்தக் கர்சரை யார் மறைத்தது?

போன மாதம் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். பெரிய விபத்தெல்லாம் இல்லை. முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது, நான் நிற்கவில்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிள் கொண்டுவந்தார்கள். ராமலிங்கம் மட்டும் ஆப்பிளோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார்.

ராமலிங்கம் காந்தி வீதியில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் கடையில் ஆர்டர் எடுக்கிற ப்ரோக்ராம் நான் எழுதியது. அதற்கு அடியில் இருக்கிற லைப்ரரியும் நான் எழுதியதுதான். இந்த லைப்ரரியில் புத்தகம் கிடையாது. ப்ரோக்ராம் எழுதத் தேவையான ரெடிமேட் பாகங்கள்தான் இருக்கும் — கட்டம் வரைய ஒரு ஃபைல், மெனு காட்ட ஒரு ஃபைல், கீபோர்டில் எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்று பார்க்க ஒரு ஃபைல். எல்லாமே கருப்புத் திரையில், வெறும் எழுத்துகளை வைத்தே நடக்கும். ஐகான் இல்லை, மவுஸ் இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் வேறு எதுவும் ஒழுங்காக ஓடாத காலத்தில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். ‘பலகை’ என்று பெயரும் வைத்தேன்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கையோட போச்சி... வேற மாதிரி ஆயிருந்தா என் கடைக்கு யாரு பதில் சொல்றது?”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. ‘பலகை’க்குள் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் என் மண்டையில். அந்த மண்டையோ ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவிட்டுப் போகிற மண்டை.

அவர் ஏற்கெனவே புது சாஃப்ட்வேர் ஒன்று பார்த்து வைத்திருந்தார். கலர் கலராக இருக்குமாம், மவுஸால் தட்டினால் போதுமாம். மாதக் கடைசிவரை எனக்கு அவகாசம். அதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். என்னைக் கேட்காமல், அதைப் படித்தே வேறு ஒருவர் ப்ரோக்ராமில் ஒரு மாற்றம் செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் புதுசுக்குப் போய்விடுவார்.

போகட்டுமே என்று விட்டிருப்பேன். செல்வமணி இல்லாவிட்டால்.

செல்வமணிக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை. வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார். அந்தக் கடையில் போன் ஆர்டர் எடுப்பது அவர்தான். இடது காதில் பாகூர் மெடிக்கல் ஷாப்காரர் பேசிக்கொண்டிருப்பார். வலது காதில் கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்கிற சாஃப்ட்வேர் பேசிக்கொண்டிருக்கும். இரண்டையும் கேட்டபடி விரல்கள் ஓடும். நடுவில் என்னைக் கிண்டல் பண்ணவும் அவருக்கு நேரம் இருக்கும்.

புது சாஃப்ட்வேரை அவர் மெஷினில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வலது காதில் ஒன்றுமே கேட்கவில்லையாம். அப்படியானால் அவர் என்ன செய்வார் என்று ராமலிங்கத்திடம் கேட்டேன். வேறு ஏதாவது வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்றார். ‘வேறு ஏதாவது வேலை’ என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும் இல்லையா?

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். இடது கை மட்டும்தான். ஒரு கையால் டைப் செய்து பாருங்கள் — தேவையில்லாத வார்த்தை ஒன்றுகூட வராது. பத்திரிகையில் பத்தி எழுதுகிற எல்லாருக்கும் ஒரு முறை மாவுக்கட்டு போடலாம் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் ஓய்வு எடுக்கச் சொன்னார். மாதக் கடைசிக்கு மேல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஒவ்வொரு ஃபைலாகத் திறப்பேன். இது என்ன செய்கிறது, யார் இதைக் கூப்பிடுகிறார்கள், என்ன திருப்பிக் கொடுக்கும் — ஃபைலின் தலையில் எழுதுவேன். அழகுக்காக மேலேயும் கீழேயும் நட்சத்திரக் குறிகளால் ஒரு பார்டர். எங்கே எந்தக் கட்டம் வரும் என்று கோடு போட்டு ஒரு படம். பார்க்கவே ஜோராக இருந்தது.

எழுதும்போதுதான் ஒரு ஆசை வந்தது. எழுதி வைக்கிறோம், அப்படியே கொஞ்சம் துடைத்தும் வைப்போமே? விருந்தாளி வருவதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துகிற புத்திதான். கர்சர் ஃபைலைத் திறந்தேன். திரையில் எழுத்து விழப்போகிற இடத்தில் மினுக் மினுக்கென்று ஒரு சின்னக் கோடு வருமே, அதுதான் கர்சர். எந்தக் கட்டத்தில் டைப் செய்கிறோமோ அங்கே அது நின்று மின்னிக்கொண்டே இருந்தது. அதை மறைத்துவிட்டு, அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதுதான் அழகு. முதன்முதலில் எழுதியபோது எனக்கு மறைக்கத் தெரியவில்லை, அப்படியே விட்டிருந்தேன்.

இப்போது மறைத்தேன். மஞ்சள் அடித்தேன். ஃபைலின் தலையில் ‘கர்சர் மறைக்கப்பட்டது’ என்று பெருமையாக எழுதி, புது வெர்ஷனைக் கடைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை செல்வமணியின் போன்.

“அக்கா, இன்னா பண்ணீங்க? பெட்டி பேச மாட்டேங்குது.”

உடனே ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். ஆர்டர்களைக் காதில் வாங்கி, மனசில் வைத்து, பக்கத்து டேபிளில் இருந்தவரிடம் சொல்லி டைப் அடிக்க வைத்துக்கொண்டிருந்தார் செல்வமணி. கிண்டல் ஒன்றும் இல்லை. ராமலிங்கம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ‘இதுக்குத்தான் சொன்னேன்’ என்று அவர் வாயால் சொல்லவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். அந்தத் திரை படிக்கிற சாஃப்ட்வேர் கர்சரின் பின்னாலேயே போகும். கர்சர் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தைப் படிக்கும். நான் அதை மறைத்ததும் எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. மஞ்சள் நிறமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இத்தனை வருஷமாக செல்வமணி அங்கே வேலை பார்க்க முடிந்ததற்கு என் திறமை காரணமில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருந்ததுதான் காரணம்!

பழைய ஃபைலைத் திரும்பப் போட்டேன். வலது காதில் குரல் வந்ததும் செல்வமணி நீளமாக மூச்சு விட்டார். அதன்பிறகுதான் கிண்டலும் வந்தது. அடுத்த தடவை வலது கையாலேயே எழுதும்படியும், இடது கையை நம்ப முடியவில்லை என்றும் சொன்னார்.

எதையாவது விளக்கி எழுத உட்கார்ந்தால், அது என்ன செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். யாருக்கு அது வேண்டியிருக்கிறது என்று எழுத மாட்டோம். வீட்டிலும் இதே கதைதான். சமையலறை வாசலில் ஒரு முக்காலி சும்மா கிடக்கிறதே என்று மாடியில் கொண்டுபோய்ப் போடுவோம். மறுநாள் முட்டிவலிக்கார மாமியார் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பார்.

அடுத்த பிரச்சினை — என்னைக் கேட்காமல் மாற்றம் செய்யப்போகிற அந்த ‘வேறு ஒருவர்’ யார்? தெரிந்த ப்ரோக்ராமர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். கருப்புத் திரையா, இந்தக் காலத்திலா என்று சிரித்தார்கள். மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்கு ஆத்திரமாக வந்தது. கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது செல்வமணி ஹெட்போனைக் கழற்றினார்.

“நான் பி.சி.ஏ. படிச்சவன்க்கா. ப்ரோக்ராம் எழுத யாரும் கூப்பிடல, போன் எடுக்கத்தான் கூப்பிட்டாங்க. நீங்களும் கேக்கல.”

கேட்கவில்லைதான். ஊரெல்லாம் தேடினேன், எதிரில் இருந்தவரைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லாததால், எல்லா ஃபைல்களையும் அவர் மெஷினில் போட்டேன்.

அவர் முதல் ஃபைலைத் திறந்து, ஸ்பீக்கரில் என்னைக் கேட்க வைத்தார். ஸ்டார் ஸ்டார் ஸ்டார் ஸ்டார்... என் அழகான பார்டரை அந்தக் குரல் ஒன்று விடாமல் படித்தது. அது முடிந்து என் படம் வந்தது. டேஷ் டேஷ் டேஷ் டேஷ்... கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

பார்டர்களை நீக்கினேன். படங்களை நீக்கி, ‘மேலிருந்து மூன்றாவது வரியில் கட்டம் தொடங்கும்’ என்று வார்த்தையில் எழுதினேன். வார்த்தையில் எழுதும்போது நமக்கே புரியாததை மழுப்ப முடியாது. படத்தில் மழுப்பலாம், நான் மழுப்பியிருந்தேன். ஆனால் கர்சர் ஃபைலை மட்டும் செல்வமணி என்னிடம் தரவில்லை. அதன் தலையில் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மாதக் கடைசி சனிக்கிழமை. கடை மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ராமலிங்கம் பரீட்சை வைத்தார். காலாவதித் தேதி நெருங்கிய மருந்து ஆர்டரில் வந்தால், திரையின் கடைசி வரியில் ஒரு எச்சரிக்கை வர வேண்டும். என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

செல்வமணி ஃபைல் ஃபைலாகப் போனார். ஒரு இடத்தில் நின்றார். திரும்பக் கேட்டார், திரும்பவும் கேட்டார். உதடு அசைந்ததைப் பார்த்தால் என்னைத்தான் திட்டினார் என்று நினைக்கிறேன். வரிகளை ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். ப்ரோக்ராம் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. நான் எழுதியதை நம்பினால் எச்சரிக்கை ஒரு வரி தள்ளிப் போய்விடும். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் தட்ட எழுந்தேன்... உட்கார்ந்தேன். இத்தனைக்குப் பிறகு நானே கெடுத்துவிடக் கூடாது.

என் தப்பை அவரே கண்டுபிடித்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கரில் அந்தக் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது. காலாவதி நெருங்கிய மருந்து, கவனிக்கவும் என்றது. என் கண் கலங்கிவிட்டது. மாவுக்கட்டாலேயே துடைத்துக்கொண்டேன்.

ராமலிங்கம் அங்கேயே நின்று, புது சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். இனிமேல் ப்ரோக்ராம் வேலையும் செல்வமணிதான் பார்க்க வேண்டும் என்றார். அதற்குத் தனிச் சம்பளம் உண்டா என்று செல்வமணி அந்த நிமிஷமே கேட்டது தனிக் கதை.

இந்த வாரம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ராமலிங்கத்திடம் கொடுத்தேன். பொறுமையாகப் புரட்டினார். எல்லாம் தனக்குப் புரியவில்லை, ஒரே ஒரு வரி மட்டும் நன்றாகப் புரிகிறது என்று கர்சர் ஃபைலின் தலையைத் தொட்டுக் காட்டினார்.

‘இதை மறைக்கலாம்னு தோணினா, முதல்ல ஆர்டர் டேபிளுக்கு போன் போடவும். செல்வமணி எடுப்பான்.’

அந்த விளக்கங்கள் மொத்தத்திலும் நான் எழுதாத வரி அது ஒன்றுதான்.