எக்ஸ்பிரஸின் வேகம்

எங்கள் குடிநீர்ப் புகார்ப் பிரிவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் அவர் காதில் வாசிக்கும். அவர் வைத்திருக்கும் வேகத்தில் நாம் கேட்டால் வண்டு ரீங்காரம்தான். குழாய் உடைந்த கதை, சாக்கடை கலந்த கதை எதுவானாலும் நாங்கள் ஒன்றைப் படிப்பதற்குள் அவர் மூன்றை முடித்து என்ஜினியர் தலையில் கட்டிவிடுவார். அவரைப் பார்த்து வயிறு எரியாதவர் பிரிவில் யாருமில்லை, நான் உட்பட.

கீபோர்டில் இன்சர்ட்டையும் கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்திக்கொண்டு இடது வலது அம்புக்குறியைத் தட்டினால் வேகம், சுருதி, ஒலியளவு என்று ஒவ்வொன்றாக வரும். வேண்டியது வந்ததும் மேல் அம்பு ஏற்றும், கீழ் அம்பு இறக்கும். சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி, பேச்சு நடுவிலேயே இதைச் செய்வார்.

இந்த வருடம் அந்த விரல் அடிக்கடி கீழ் அம்புக்குப் போனது. முதலில் சுருதியை இறக்கினார். கீச்சுக்குரல் பிடிபடவில்லையாம். பிறகு வேகம். ஒலியளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கே ஒவ்வொரு புகாரும் தெளிவாகக் கேட்டது.

"ஹெட்ஃபோன் சரியில்ல தம்பி," என்றார். மாற்றினோம். அதுவும் சரியில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு சார். டாக்டர்கிட்ட ஒரு தடவ காதக் காட்டிடுங்களேன்."

"காதுக்கு என்ன? வீட்ல அவ பேசறது கணீர்னு கேக்குது. கண்ணும் இல்லாம காதும் போச்சுன்னா எனக்கு இங்க என்ன வேல இருக்கு?"

கோபமில்லை, பயமுமில்லை. இன்றைக்குத் தண்ணீர் வராது என்று அறிவிக்கும் குரல். டாக்டரிடம் அவர் போகவும் இல்லை.

மூன்றாவது ஹெட்ஃபோனை நானே வாங்கி, விடுமுறை நாளில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே அவர் மனைவியின் கூச்சல் கேட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கேன் வம்பு என்று திரும்பிப் போகப் பார்த்தேன். பிறகுதான் வார்த்தை காதில் விழுந்தது. "சட்டை காஞ்சிடுச்சு, மடிச்சு வெச்சிருக்கேன்" என்பதைத்தான் அந்த அக்கா தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் ஹெட்ஃபோனை அவர் கையில் கொடுத்தேன். பிரித்துத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். நான் விழிப்பதைக் கண்டு அக்கா குரலை இறக்கினார். அக்காவுக்கு இயல்பான குரல் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு வருஷமா இப்படித்தான் தம்பி. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வரேன். அவருக்கு இது தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு. இப்போ என் தொண்டையும் முடியலங்குது."

பதறிப்போய் எக்ஸ்பிரஸைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒயர் எவ்வளவு நீளம் என்று விரலால் அளந்துகொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன, ரெண்டு பேரும் இவ்வளவு நேரமா ஒண்ணுமே பேசாம உக்காந்திருக்கீங்க?"