ஒரு வீரருக்கு ஒன்பது பேர்

எங்கள் அலுவலகத்தில் வெர்லீன் ஸ்டோக்ஸ் அளவுக்கு இதமாகப் போனில் பேச யாராலும் முடியாது. இருபது வருடம் ராணுவக் குடியிருப்பில் குடும்பம் நடத்தியவள். அதனால்தான் முன்னாள் படைவீரர்களின் பட்டியலை அவளிடம் கொடுத்தார்கள். டெக்சாஸின் கில்லீன் ஊரில், கம்பளக் கடை காலி செய்துவிட்டுப் போன கட்டடத்தில் நடந்த தனியார் கல்லூரி அது. ஆள் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. எனக்கு அவளுக்கு அடுத்த மேசை.

அந்த ஏற்பாட்டின் காரணத்தை எங்கள் மேலாளர் ட்ரென்ட் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான்.

"நம்ம வருமானத்துல நூத்துக்குத் தொண்ணூறு வரைக்கும்தான் மத்திய அரசோட மாணவர் கடனும் உதவியும் இருக்கலாம். மிச்சம் பத்து வேற வழியில வரணும். சொந்தக் காசைப் போட்டு இங்க எவன் படிப்பான்?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"படைவீரருக்கு அரசு தர்ற படிப்புப் பணம் அந்தப் பத்துல சேரும். அதுவும் அரசுப் பணம்தான், ஆனா சட்டம் அப்படி இருக்கு. ஒரு வீரன் உள்ள வந்தா, அவன் பின்னாடியே கடன்ல படிக்கிற ஒன்பது பேரைக் கூட்டிட்டு வரலாம். புரியுதா?"

2010 வசந்தத்தில் வெர்லீன் சேர்த்தவர்களில் ஒருவர் ஆர்லிஸ் டக்கெட். இராக்குக்கு இரண்டு முறை போய் வந்தவர், வலது காது கேட்காது. அறுவை அரங்கில் மருத்துவருக்குக் கருவி எடுத்துக்கொடுக்கும் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டார்.

"முடிச்சா ஆஸ்பத்திரியில எடுத்துக்குவாங்கதானே, மேடம்?"

"கண்டிப்பா எடுத்துக்குவாங்க, கண்ணு."

என்ன பேச வேண்டும் என்று எங்களுக்குக் கொடுத்திருந்த அச்சிட்ட தாளில் அப்படித்தான் இருந்தது. அவள் அதை நம்பினாள்.

இரண்டு வருடப் படிப்பை முன்தயாரிப்பு வகுப்பு, மறுபயிற்சி வகுப்பு என்று மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தார்கள். ஆர்லிஸுக்கு அரசு ஒதுக்கியிருந்தது முப்பத்தாறு மாதப் பணம். அதைக் கடைசி மாதம்வரை கறந்த பிறகுதான் சான்றிதழ் வந்தது. பத்தே நாளில் அவர் வெர்லீன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிய வெள்ளை ஷூ காலில் இருந்தது.

"தகுதித் தேர்வு எழுதவே விட மாட்டாங்களாம், மேடம். இந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லையாம். நீங்க எடுத்துக்குவாங்கன்னு சொன்னீங்களே?"

அவள் நேராக ட்ரென்ட்டின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"அங்கீகாரம் இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"விண்ணப்பம் போட்டிருக்கோம், வெர்லீன்."

"மூணு வருஷமாவா?"

"உங்க பட்டியல்ல இன்னும் நாப்பது பேர் பாக்கி. போய் அதைப் பாருங்க."

பார்த்தாள். பட்டியலில் முதல் எண்ணை அழைத்து, அதே இதமான குரலில், "இங்க சேராதீங்க, கண்ணு. ரெண்டு மைல் தள்ளி அரசுக் கல்லூரி இருக்கு, அங்க போங்க. எங்களுக்கு வேண்டியது நீங்க இல்ல, உங்க பேர்ல வர்ற பணம்" என்றாள். வியாழக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தொரு பேரிடம் சொல்லிவிட்டாள். எங்கள் பேச்செல்லாம் பதிவாகும் என்பது அவளுக்குத் தெரியும்.

ட்ரென்ட் காவலாளியோடு வந்தான். "சோறு போட்ட இடத்துக்கே துரோகம் பண்றீங்க."

"சோறு போட்டது நீயா? அந்தப் பையன் குண்டு விழுற ஊர்ல நின்னு சம்பாதிச்சதைத்தான் நீயும் தின்னே, நானும் தின்னேன். எனக்குக் குமட்டுது. உனக்குக் குமட்டலையா?"

காவலாளி அவளை வாசல்வரை கூட்டிப்போய் வெளியே விட்டான். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த அச்சிட்ட தாள்களை வெர்லீன் வீட்டில் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றோடு மாநில அதிகாரிகளிடமும் மத்திய அரசு அதிகாரிகளிடமும் அலைந்தாள். இரண்டு வருடம் கழித்து அரசு உதவிப் பணத்தை நிறுத்தினார்கள். பதினேழாம் நாள் கல்லூரிக் கதவில் பூட்டுத் தொங்கியது. நாளிதழ் விளம்பரங்களில் தன் பெருமையை முழங்கிய நிறுவனத்துக்கு அரசுப் பணம் இல்லாமல் மூன்று வாரம்கூட மூச்சுவிட முடியவில்லை. பாதிப் படிப்பில் நானூறு பேர் வாகன நிறுத்தத்தில் நின்றார்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை. ட்ரென்ட் அரிசோனாவில் இன்னொரு கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

ஆர்லிஸ் டயர் மாற்றும் கடையில் இருந்தார். வெர்லீன் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா இன்னிக்கு நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவீங்க, மேடம். அந்த மூணு வருஷத்தை நான் எங்க போய்க் கேக்குறது?"

திரும்பி வரும்போது வெர்லீன் காரின் முன்பலகையை உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தாள்.