பித்தளைக்குப் பதில் எஃகு

குரோம்பேட்டையில் என் மனைவியின் அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரே ஒரு லேத். அதை நம்பித்தான் இரண்டு குடும்பமும் இருந்தோம். பட்டறையை ஒட்டிய போர்ஷனிலேயே எங்களைக் குடிவைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்ட டர்னர் எடுப்பதாக என்னோடு படித்த ஒருவன் சொன்னான். எனக்காகப் பேசியும் வைத்தான். திங்கட்கிழமை காலை கேட்டில் வந்து நிற்கவேண்டும். மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"அண்ணங்கிட்ட நீங்களே சொல்லிக்கோங்க" என்றாள். எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை மச்சானே நின்று மரை வெட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. வோல்டேஜ் குறைந்தாலே ஸ்டார்ட்டர் விழுந்து மிஷின் நின்றுவிடும் என்று அதன் பட்டனில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருப்போம். அதை எடுக்காமலே அவர் டீ குடிக்கப் போய்விட்டார். கரண்ட் வந்ததும் மிஷின் தானாக ஓடியது. டூலைச் சுமந்த கேரியேஜ் நகர்ந்துபோய், இரும்பைக் கவ்விச் சுழலும் சக்கில் முட்டியது. வாசலில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்த நான் ஓடிவந்து அணைத்தேன்.

கியர்பாக்ஸையும், கேரியேஜை நகர்த்தும் லீடு ஸ்க்ரூவையும் இணைக்கும் பித்தளை ஷியர் பின் அறுந்திருந்தது. அது அறுந்ததால்தான் கியர் பிழைத்தது. அதற்காகவே அதைப் பித்தளையில் போடுவார்கள்.

"இன்னா மாப்ள, மறுபடியும் பூட்ச்சா? வெண்ணெயிலயா செஞ்ச அத்த?" என்றார் மச்சான்.

ஓட்டையில் சிக்கிய துண்டுகளை மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்தேன். ஓட்டைகள் நேராக வரும்வரை ஸ்க்ரூவைக் கையால் திருப்பினேன். பித்தளைக் கம்பியைத் தேடும்போது, உடைந்த டிரில் பிட்டின் தண்டை நீட்டினார்.

"இத்தப் போடு. ஜென்மத்துக்கும் ஒடையாது."

"முட்டுச்சுன்னா கியர் போயிடும், மச்சான்."

"அதான் நீ கீறியே. பாத்துக்க மாட்ட?"

நம்பிக்கையோடுதான் சொன்னார். நான் அடித்து இறக்கினேன்.

சாயங்காலம்வரை மிஷினில் நின்றேன். கேரியேஜ் சக்கை நெருங்கும்போதெல்லாம் சுவிட்சில் கை வைத்துக்கொண்டேன். பித்தளை இருந்தவரை நான் கம்பெனிக்குப் போயிருந்தாலும் லேத் தப்பித்திருக்கும். இனி அவர் ஒருமுறை டீக்குப் போனால் கியர்பாக்ஸ் சிதறும். வேறொன்று வாங்க அவரால் முடியாது. அவருடைய பிள்ளைகள் எங்கள் வாசலில்தான் விளையாடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கல்யாணத்துக்குப் போனதும் அந்தப் பின்னை எடுக்கப் பார்த்தேன். எத்தனை தட்டியும் அசையவில்லை. டிரில் போட்டேன், எஃகின் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. முனை மழுங்கியதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை மனைவி சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

"கெளம்பலையா?"

"இல்ல."

"அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லல."

"நல்லதாப் போச்சு" என்று சட்டையை மடித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓட ஆரம்பித்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வேகமாகப் போனேன்.