மேட்டுக்கொல்லை ஏற்றத்தில் டர்ட் பைக்கும் தடுப்பூசிப் பெட்டியும்

திருப்பதிக்கு வருகிறவர்கள் ஒரே மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் வேறொரு மலையில் டர்ட் பைக் ஏற்றிப் பார்க்க ஜனவரியில் கிளம்பினேன். வாடகை நாளுக்கு ஆயிரத்து இருநூறு, பெட்ரோல் நானூறு. காலை ஏழுக்குப் புறப்பட்டு, நகரி, விஜயபுரம் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டி அடிவாரம் சேர்ந்தபோது ஒன்பதரை.

அங்கே தார் முடிகிறது. மேலே மேட்டுக்கொல்லை வரை மூன்று கிலோமீட்டரும் உருளைக்கல். எல்லை பிரித்தபோது தமிழ் பேசும் இந்த ஊரை ஆந்திராவில் சேர்த்தார்கள். ஓட்டுக் கேட்க இரண்டு மொழியிலும் வருகிறார்களாம். சாலை எந்த மொழியிலும் வரவில்லை.

புளியமரத்தடியில் ஒரு பெண் ஸ்கூட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தார். பெயர் மல்லிகா, சுகாதார நர்ஸ். தோளில் நீலத் தடுப்பூசிப் பெட்டி. பத்தரைக்குள் மேலே போகாவிட்டால் தாய்மார்கள் குழந்தைகளோடு கடலைக் கொல்லைக்குக் கூலிக்குக் கிளம்பிவிடுவார்களாம். போன மாதம் அப்படி மூன்று குழந்தைகளுக்கு ஊசி தவறியிருக்கிறது.

பின்னால் உட்காரச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பேரு ஏறினா முன்சக்கரம் தூக்கிக்கும். பொட்டிய நீ எடுத்துக்கினு போ, நான் குறுக்கு வழியில வர்றேன். பொட்டியப் பாத்தா நிப்பாங்க. பொட்டிக்கு ஈடா லைசென்ஸ குடுத்துட்டுப் போ தம்பி."

கொடுத்தேன். பெட்டியை முதுகில் மாட்டப் போனவனைத் தடுத்து நெஞ்சில் மாட்டிவிட்டார். ஏற்றத்தில் எடை முன்னால் இருக்க வேண்டும். வாடகை வாங்கியவர் அதைச் சொல்லவில்லை.

முதல் கியர், சீரான ஆக்ஸிலேட்டர், கால்மிதியில் எழுந்து முன்னால் சாய்ந்து ஓட்டினேன். ஊருக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது கல் உருண்டது. பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டேன், என்ஜின் நின்றது. இடப்பக்கம் பள்ளம். கிளட்சைப் பிடித்திருந்தால் வண்டி பின்னால் ஓடியிருக்கும். கியரிலேயே விட்டு, பிரேக்கை இறுக்கி, மலைப்பக்கமாகக் கால் ஊன்றினேன். மேலே பாறைகளுக்கு நடுவே மல்லிகா அக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால்.

"வண்டியப் படுக்கப் போட்டுட்டு நடந்து வா. பொட்டி வந்தா போதும்."

மலைப்பக்கமாகவே சாய்த்தேன். பிரேக் லீவர் வளைந்தது, சரிசெய்ய முந்நூற்றைம்பது ஆனது. மூச்சு வாங்க நடந்தேன். சாப்பாட்டுத் தூக்குகளோடு கிளம்பிவிட்டிருந்த ஆறு பெண்கள், என் நெஞ்சிலிருந்த நீலத்தைப் பார்த்து நின்றார்கள். முதல் குழந்தை வீறிட்டு அழுதபோது மணி பத்து இருபத்தைந்து.

மல்லிகா அக்கா இப்படிப் பதினோரு வருடமாக மாதாமாதம் முதல் புதன்கிழமை ஏறுகிறார். லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தவர், "இத ஒனக்கு யாரு குடுத்தது?" என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

ஹெல்மெட், கணுக்கால் மறைக்கும் பூட்ஸ், இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். விஜயபுரத்துக்கு அப்புறம் பெட்ரோல் கிடைக்காது. மழையில் போகவே வேண்டாம். மாதத்தின் முதல் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அடிவாரத்தில் இருங்கள். பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.