மதிலுக்கு இருபுறமும் ஒரே சண்டை

கனடாவில், வான்கூவருக்குப் பக்கத்து ஊரொன்றில் நான் பேஸ்மெண்டில் குடியிருக்கிறேன். மேல்வீட்டில் றொமெல் என்ற பிலிப்பைன்ஸ்காரன் இருக்கிறான். வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்தால், அவனுடைய வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. தெருவோரம் முழுக்கக் கார்கள். யன்னலால் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கூட்டம் ஆண்கள், ஒருவரோடொருவர் கதைக்காமல், ஒரே திசையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவன் தலையில் கைவைத்திருந்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? செத்த வீடுதான். செத்த வீட்டுக்கு அழைப்பை எதிர்பார்த்து நிற்கும் பழக்கம் நமக்கில்லை. முகம் கழுவி, வெள்ளைச் சேட்டொன்றைத் தேடிப் போட்டு, முகத்தையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

றொமெல் கதவைத் திறந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “யார்?” என்று மெல்லக் கேட்டேன். “எங்கள் ஊர்ப் பொடியன்” என்றான், கண்ணை உள்ளே வைத்தபடியே. “வயது?” என்றேன். “முப்பதுதான்.” எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. அவன் என்னை உள்ளே இழுத்துப்போய்ச் சுவரிலிருந்த பெரிய தொலைக்காட்சியின் முன்னால் விட்டான். அதிலே, கம்பி வலையடித்த எட்டு மூலைக் கூண்டொன்றுக்குள், அந்த முப்பது வயதுக்காரன் இன்னொருவனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். யாரோ என் கையில் ஒரு தட்டு நூடில்ஸைத் திணித்தார்கள். செத்த வீட்டில் சாப்பிடக் கூடாதே என்ற தயக்கம் போக எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இப்படித்தான் நான் எம்.எம்.ஏ. சண்டை பார்க்கத் தொடங்கினேன். குத்துச்சண்டை, மல்யுத்தம், கராத்தே எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியது போன்ற விளையாட்டு அது. ஒரு மாலைக்கு ஒரு வரிசைச் சண்டைகள். பெயர் தெரியாதவர்கள் முதலில் வருவார்கள். பெரிய தலைகள் கடைசியில். அந்த வரிசையைத்தான் ‘ஃபைட் கார்ட்’ என்கிறார்கள். இரத்தத்தைப் பார்க்கத்தான் ஆட்கள் கூடுகிறார்கள் என்று முதலில் நானும் நினைத்தேன். கொஞ்ச நாள் போனபின், சண்டையை விட்டுவிட்டுப் பார்ப்பவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் றொமெலோடு வேலை செய்யும் ஒருவன் சாப்பாட்டுக்காகவே வருவான். அதை அவன் மறைப்பதும் இல்லை. இன்னொருவன், யாரென்றே தெரியாத இரண்டு பேரில் ஒருவனைத் தெரிந்தெடுத்து, அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். வாரம் முழுக்க மேலாளருக்கு முன்னால் வாய் திறக்காதவன் அவன். றொமெலுக்கு, வீரர்கள் பாட்டுப் போட்டு நடந்துவரும் அந்த வருகைதான் பெரிது. அப்போது அவன் கண் கலங்கும்.

நான் பார்த்தது முடிவை. சண்டை முடிந்ததென்று ஹோர்ன் அடிக்கும். ஒரு கணத்துக்கு முன் மூக்கை உடைத்தவன், உடைபட்டவனைக் கட்டிப்பிடிப்பான். இருவரும் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்வார்கள். நடுவர் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். பிறகு ஒரு கை உயரும். அவ்வளவுதான், முடிந்தது. முதல்தரம் அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வென்றவன்மேலும் தோற்றவன்மேலும் ஒரேயளவு பொறாமை.

எங்களுடைய சண்டைகளுக்கு ஹோர்ன் இல்லை. எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து உடுவில். ஐயா செத்தபின் வளவை எனக்கும் அண்ணைக்குமாக இரண்டாகப் பிரித்தார்கள். நடுவில் கிளுவை வேலி. வேலியின் நட்ட நடுவே கிணறு, இரண்டு பக்கத்துக்கும் பொது. நான் கனடாவுக்குப் போன பிறகு, கறையான் அரிக்கிறதென்று அண்ணை வேலியை வெட்டிவிட்டு மதில் கட்டினார். கிணறு முழுதாக அவருடைய பக்கம் போய்விட்டது. நான் போனில் கேட்டேன். “வெளிநாட்டுக்காரனுக்கு என்னத்துக்கடா கிணறு?” என்றார். “அது ஐயான்ரை கிணறு” என்றேன். “ஐயான்ரை எண்டால் வந்திருந்து தண்ணி அள்ளு” என்றார். அன்றோடு கதை பேச்சு நின்றது. ஒருவரும் விழவில்லை, ஒருவர் கையும் உயரவில்லை. அவருடைய மகளின் கலியாணப் படத்தை யாரோ ஒருவரின் முகநூலில் பார்த்தேன்.

சண்டைக்காரர்கள் கட்டிப்பிடிப்பதை நான் வாய் பார்த்துக்கொண்டிருந்ததை றொமெல் ஒருநாள் கவனித்துவிட்டான். “நீ எப்போதாவது சண்டை பிடித்திருக்கிறாயா?” என்று கேட்டான். “அண்ணனோடு” என்றேன். “யார் வென்றது?” என்றான். “இன்னும் முடியவில்லை” என்றேன். நல்ல பகிடி என்று நினைத்து என் முதுகில் தட்டிச் சிரித்தான். பக்கத்தில் நின்றவனுக்கும் சொன்னான். இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இந்தத் தரம் விடுமுறைக்கு உடுவிலுக்கு வந்து, பூட்டிக் கிடந்த என்னுடைய பாதியைத் திறந்து இருக்கிறேன். மதிலின் மேல் அண்ணை உடைந்த போத்தல் ஓடுகள் பதித்திருக்கிறார். குழாயில் மஞ்சளாக ஒரு தண்ணீர் வருகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும் சத்தம் விடியவே கேட்கும். கேட்டவுடன் தாகம் எடுக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எடுக்கும். அண்ணையிடம் ஒரு செம்மண் நிற நாய் உண்டு, பெயர் வீரன். அதற்கு மதிலைப் பற்றி ஒரு மதிப்பும் இல்லை. தெருப்பக்கக் கேற்றுக்குக் கீழால் நுழைந்து, அங்கே சோறும் இங்கே பாணுமாகக் காலம் தள்ளுகிறது.

கதைக்காமல் விட்ட ஆட்கள் எங்கள் ஊரில் எப்படிக் கதைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கோழிக்குச் சொல்வார்கள், ஆட்டுக்குச் சொல்வார்கள். கேட்க வேண்டியவர் காதில் அது விழும். சாடை என்று பெயர். நான் வந்திறங்கிய அன்றே அண்ணையின் குரல் மதிலால் வந்தது. “வீரா, குரைக்காதை. வெளிநாட்டிலயிருந்து பெரிய ஆக்கள் வந்திருக்கினம். பயந்துபோவினம்.” அண்ணி உள்ளேயிருந்து, “சும்மா இருங்கோவன்” என்றது கேட்டது. நான் பதிலுக்குச் சாடை சொல்ல என்னிடம் ஒரு கோழிகூட இல்லை.

வான்கூவரின் சனி பின்னேரம் உடுவிலில் ஞாயிறு காலை. போன ஞாயிறு, சுன்னாகத்துக் கடையில் வாங்கிய பிட்டைத் தட்டில் போட்டு, மதிலோரம் வேம்பின் கீழ் கதிரையைப் போட்டு, போனில் சண்டையைத் திறந்தேன். வீரன் வந்து காலடியில் படுத்தது. கொஞ்ச நேரத்தில், போனில் கேட்ட வர்ணனையாளரின் அதே குரல் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. போனைக் காதில் வைத்துப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அண்ணையும் பார்க்கிறார். சைவப் பழம், முட்டையைக்கூட வீட்டுக்குள் எடுக்காதவர், விடிய எழும்பி இருந்து மனிசனை மனிசன் அடிப்பதைப் பார்க்கிறார்.

அவருடைய இணையம் நல்ல இணையம். என்னுடையது போன் டேட்டா. கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஆகவே எனக்கு எல்லாம் முதலில் அண்ணையின் வாயால் வந்தது. “ஐயோ” என்பார், சிறிது பொறுத்து என் திரையில் ஒருவன் விழுவான். “எழும்படா, எழும்பு” என்பார். பிறகு அவன் எழும்புவான். ஒவ்வொரு சண்டையிலும் விழுகிறவன் பக்கமே அவர் நின்றார். நானும் அப்படித்தான். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, சொல்லச் சந்தர்ப்பமும் இருந்ததில்லை. கடைசியில் நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைக் கேட்கத் தொடங்கினேன். நெடுநாளைக்குப் பிறகு என் அண்ணையின் குரலை இவ்வளவு நேரம் கேட்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பிட்டு ஆறிப்போயிருந்தது.

கடைசிச் சண்டை, கடைசிச் சுற்று. ஒரு தாடிக்காரனும் ஒரு மொட்டைத் தலையனும். இரண்டு பேருக்கும் முகம் முகமாக இல்லை. அந்த நேரம் பார்த்து என் போனில் படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. டேட்டா முடிந்துபோயிற்று. மதிலுக்கு அந்தப் பக்கம் ஹோர்ன் அடித்தது. பிறகு தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று குறைந்தது. அண்ணி வந்து குறைத்திருக்க வேண்டும். தீர்ப்பு என்ன, கை யாருக்கு உயர்ந்தது, ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி மதிலோடு போய் நின்றேன். காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

“ஆர் வெண்டது?”

கேட்டது நான்தான். சத்தமாகவே கேட்டுவிட்டேன். கோழிக்கும் சொல்லவில்லை, ஆட்டுக்கும் சொல்லவில்லை. மதிலுக்கு அப்பால் கதிரை அரக்கும் சத்தம் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

“வீரா,” என்றது அண்ணையின் குரல், மதிலுக்கு மிகக் கிட்டவிருந்து. “கேக்கிற ஆளுக்குச் சொல்லு. தாடிக்காரன் வெண்டிட்டான். மொட்டையன் பாவம். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.” பிறகு, கொஞ்சம் பொறுத்து, “தண்ணி வேணுமெண்டால் வாளியைக் கொண்டு வரச் சொல்லு” என்றது.

வீரன் அங்கே இல்லை. அது என் காலடியில், பிட்டுத் தட்டை நக்கிவிட்டு, நல்ல நித்திரையில் கிடந்தது.